மிச்சமிருந்த ஆறு படங்கள்

போன வாரம் மடவார் வளாகத்திலிருந்து ஒரு அம்மா, தன் பழைய நிச்சயதார்த்த ஆல்பத்தை செல்போனில் ஏற்றித் தரச் சொல்லி என் போட்டோ கடைக்கு வந்தார். காய்ந்த பசை வாடையோடு கடைசிப் பக்கம் திறந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பக்கத்தில், கோரைக்கு நடுவே, ஒரு நீலக் கோழி. எனக்கு அந்தப் பழைய சேறு மறுபடி தொடை வரை ஏறியது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை. விசேஷ வீட்டில் எடுத்தது போக ரோலில் நாலைந்து படம் மிஞ்சினால் அது எடுத்தவனுக்கு என்பது எங்களுக்குள் வழக்கம். மற்றவர்கள் தங்கள் முகத்தை எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கெடுத்தவன் சைக்கிள் கடை காசிம். பறவைப் பைத்தியம்.

"ஆறு மிச்சம் இருக்குல்ல? வன்னியம்பட்டிப் பக்கம் கம்மாக்கு வாலே, நீலக் கோழி காட்டுதேன்."

கண்மாய்க் கோரைக்குள் நாலடி வைத்திருப்பேன், தொடை வரை உள்ளே போய்விட்டது. அசைந்தால் இன்னும் இறங்கியது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டேன். உள்ளே ஒரு பெண்ணின் நிச்சயம், முப்பது படம். நனைந்தால் அந்த நாளை யார் திரும்ப நடத்துவது? முதலாளியை நினைத்தேன். பெண்ணின் அப்பாவை நினைத்தேன். அவர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர் என்பதையும் சேர்த்து நினைத்தேன்.

"கேமராவ இங்க போடுலே. கை ரெண்டும் இருந்தா நீயே ஏறிருவ" என்றான் காசிம்.

"நீ பிடிக்காம விட்டுட்டா?"

"அப்ப நில்லு. செத்த நேரத்துல வேர் பிடிச்சிரும்."

நின்றேன். பயந்தவனைப் போல அசையாமல் நிற்க யாராலும் முடியாது. என்னைக் கட்டை என்று நினைத்ததோ என்னவோ, சிவந்த அலகோடு அந்தக் கோழி கைக்கெட்டும் தூரத்தில் வந்து, ஒரு கோரைத் தண்டைக் காலால் பிடித்துக் கடித்தது. கேமராவைக் கண்ணுக்கு இறக்கத் தைரியமில்லை. தலைக்கு மேலிருந்தே குத்துமதிப்பாக ஒரு தடவை அழுத்தினேன். சத்தத்துக்கு ஓடிவிட்டது.

பொறுக்கமாட்டாமல் காசிம் தன் மூட்டிய கைலியை அவிழ்த்து என் தலை வழியாக வீசினான். அது அக்குளுக்கு இறங்க, கேமராவை இறக்காமலேயே இழுபட்டுக் கரையேறினேன். செருப்பு இரண்டும் உள்ளேயே போயின.

"யாராச்சும் வந்தா ஒன்னியத்தான் கைகாட்டுவேன்" என்றான், ஜட்டியோடு நின்றபடி.

ஆல்பம் ஒட்டிய அவசரத்தில் கோழியையும் ஒட்டிவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. யாராவது கேட்டு வருவார்களோ என்று வருஷக்கணக்கில் கடை வாசலையே பார்த்திருந்தேன்.

"இந்தக் கோழி யாருன்னு எங்க வீட்டுக்காரவுக கேட்டாவ. 'ஒங்க பக்கத்துச் சொந்தம்'னுட்டேன்" என்றார் அந்த அம்மா. "அதையும் சேத்து ஏத்திருங்கண்ணே."

காசிம் இப்போது இல்லை. அந்த அம்மா வந்துபோன மறுநாள் நான் மட்டும் கண்மாய்க்குப் போனேன். கரை வரை சீமைக்கருவேலம், நடுவில் வெடித்த தரை. மாட்டிக்கொண்ட இடம் இதுதான் என்று தோன்றிய ஓரிடத்தில் காலை ஓங்கி மிதித்துப் பார்த்தேன். புழுதி பறந்தது.