பதினோராம் நாள் கழன்ற குழாய்

தாட்சாயணிக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருப்பதி ஆஸ்பத்திரியில் கையெழுத்துக்காக நீட்டிய காகிதத்தை அவள் நர்ஸ் கீர்த்தியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல இன்னா எழுதிக்கீது, அப்படியே சொல்லும்மா."

அவள் கணவன் நாகேந்திரன் நகரியில் கருங்கல் லாரி ஓட்டியவன். தொண்டையில் வந்த கட்டியால் சோறு நின்றது, கஞ்சி நின்றது, கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. குரலும் போய்விட்டது. மூக்கு வழியே போட்டிருந்த குழாய் அடிக்கடி அடைத்துக்கொண்டது. வயிற்றில் சிறு துளையிட்டு நேராக இரைப்பைக்குள் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ரத்தம் கசியலாம்க்கா. சீழ் பிடிக்கலாம். எப்பவாவது குடல்ல ஊசி பட்டுடலாம்" என்றாள் கீர்த்தி. "அதுக்குத்தான் எக்ஸ்ரே திரையில பார்த்துக்கினே செய்றாங்க."

"வேணாம்னு சொன்னா?"

கட்டிலில் கிடந்தவனின் மூக்குக் குழாயைக் கீர்த்தி காட்டினாள். தாட்சாயணி தமிழிலேயே கையெழுத்துப் போட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஊருக்குக் கிளம்பும்போது கீர்த்தி ஒன்றை மட்டும் இரண்டு முறை சொன்னாள்: "துளை ஆற நாளாகும். அதுக்குள்ள குழாய் கழண்டா நீங்களா சொருகாதீங்க. நேரா இங்க வந்துடுங்க."

பதினோராம் நாள் காலை, நாகேந்திரனுக்குச் சட்டை மாற்றும்போது குழாய் கையோடு வந்துவிட்டது. நுனியில் அதைப் பிடித்துவைக்கும் சின்ன பலூன் வெடித்துப்போயிருந்தது. தாட்சாயணி துளைமேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திக்கொண்டு, மைத்துனன் ஏழுமலையைக் கூப்பிட்டாள். ஏழுமலை, தெருக்கோடியில் ஊசி போடும் கம்பவுண்டரையும் கூட்டிவந்தான்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. கழுவிட்டு உள்ள தள்ளிடலாம்" என்றார் கம்பவுண்டர்.

"வேணாங்க. தள்ளக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

"நேரம் ஆனா துளை மூடிக்கும். அப்புறம் மறுபடியும் குத்தணும், தெரியுமா?" என்றான் ஏழுமலை.

நாகேந்திரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, குழாயைக் காட்டி, வயிற்றைக் காட்டினான். போடச் சொல்கிறான். முந்தின நாள் மாலை கொடுத்த பாலோடு சரி. பசி அவன் கண்ணில் தெரிந்தது. அவள் தலையசைத்து மறுத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பவுண்டர் சொல்வது சரியா, கீர்த்தி சொன்னது சரியா என்று அவளுக்கும் தெரியாது.

ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். காத்திருக்காமல் பஸ் ஏறினார்கள். புத்தூரில் பஸ் வெகுநேரம் நின்றது. யாரோ ஜன்னலோரம் சூடான வடை வாங்கினார்கள். நாகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைப்பதைத் தவிர அவளால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து ஒன்றைத் துளை வழியாகச் செலுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். மருந்து இரைப்பைக்குள் போகவில்லை. வெளியே பரவி நின்றது.

"இரைப்பை விலகிடுச்சும்மா. வீட்ல குழாயைத் தள்ளி பால் ஊத்தியிருந்தா அதுவும் இப்படித்தான் வெளியே போயிருக்கும். உயிருக்கே ஆபத்து."

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். தாட்சாயணிக்கு அதில் ஆறுதல் வரவில்லை.

"அப்போ இப்பவே புதுசா போட்டுடுவீங்களா, சார்?"

"காய்ச்சல் இருக்கு. அது இறங்கட்டும்."

காய்ச்சல் இறங்க மூன்று நாளாயிற்று. சலைன் மட்டும் ஏறியது. அந்த மூன்று நாளும் நாகேந்திரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் வேறு இடத்தில் குத்திப் புதுக் குழாய் வைத்தார்கள்.

அதன் பிறகு அவன் ஐந்து மாதம் இருந்தான். குழாய் ஒரு தடவையும் கழலவில்லை. கட்டிதான் வளர்ந்துகொண்டே போனது. அவன் முன்னால் சாப்பிட மனம் வராமல், தாட்சாயணி தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் அங்கேயே வந்து நின்றான். போனில் எழுதிக் காட்டினான்: "உள்ள வந்து துன்னு."

அவள் உள்ளே வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.