ஐந்தாவது சீட்டுக்கு ஒரு மன்றாட்டு

மன்னாரில் பிறந்து, ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதிக் களஞ்சியம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொதி அனுப்பும் பிரிவைக் கட்டியாண்ட ஏர்னஸ்ட், எதையும் பாதியில் விட்டவரல்ல. படுமோசமான சினிமாப் படத்தையும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை பார்ப்பார். இந்த நற்குணம்தான் 2014ஆம் ஆண்டில் அவரை வெட்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

மதிய இடைவேளையில், போர்க்லிப்ட் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் மூலையில், கவிழ்த்த பெட்டியொன்றில் அமர்ந்து, அவர் கைத்தொலைபேசியில் போக்கர் ஆடுவார். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கையில். பொதுவாக ஐந்து சீட்டு மேசையில். ஐந்தாவதற்கு ரிவர் என்று பெயர். அது விழுந்ததும் எதிராளி பெருந்தொகை ஒன்றைப் பந்தயமாகத் தள்ளுவார். நாமும் அவ்வளவு தள்ளினால் அவர் சீட்டைப் பார்க்கலாம்; அதைக் கோல், அதாவது call, என்பார்கள். இல்லையென்றால் சீட்டை எறிந்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் வைத்திருந்தது ராஜாவா குப்பையா என்பது உயிருள்ளவரை தெரியாது.

அந்தத் தெரியாமையைத்தான் ஏர்னஸ்டால் தாங்க முடியவில்லை. ரிவரில் வரும் பெரிய பந்தயம் பெரும்பாலும் பொய்யல்ல என்று இணையத்தில் வல்லுநர்கள் விளக்கினார்கள். ஏர்னஸ்ட் குறிப்பெடுத்தார். மறுநாளும் கோல்தான் சொன்னார். குறிப்பாக, தன் படமாகச் செம்மறியாடு ஒன்றைப் போட்டிருந்த ஓர் ஆட்டக்காரர் ஏமாற்றுகிறார் என்று அவர் மனதார நம்பினார். அந்தச் செம்மறி ஒரு நாளும் ஏமாற்றவில்லை.

இந்தச் சங்கதி மனைவி ஸ்ரெல்லாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

வெள்ளிதோறும் மாலையில் யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிவில் ஒவ்வொருவரும் தம் மன்றாட்டைச் சொல்லவேண்டும். விசா, வீட்டுக்கடன், முழங்கால் என்று அது வட்டமாகச் சுற்றிவரும். அன்று ஏர்னஸ்டிடம் வந்தபோது அவருக்கு முழங்கால்கூட நன்றாக இருந்தது. சொல்ல ஒன்றுமில்லாமல் இருப்பது மரியாதையல்ல.

"வேலையில ஒரு முடிவு எடுக்கவேண்டிக் கிடக்கு. ஒராள் பெரிசாத் தள்ளிக்கொண்டு வாறார். விட்டுக்குடுக்கிறதோ, எதிர்த்து நிக்கிறதோ எண்டு தெரியேல்லை" என்றார்.

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நடப்பது வேலையிடத்தில், ஆள் உண்டு, தள்ளுவதும் உண்டு. ஆயினும் பதினான்கு பேரும் ஒரே மூச்சில் பெருமூச்சு விட்டார்கள். குழுவை நடத்தும் பஸ் சாரதி ஜெயரட்ணம் கண்களை மூடி, ஒன்பது வெள்ளி தொடர்ந்து மன்றாடுவோம் என்று அறிவித்தார். பிறகு, தேநீர் நேரத்தில், உங்கட மனேஜர் ஆர் என்று கேட்டார். குணசீலன் என்றார் ஏர்னஸ்ட். கேட்டது ஒரு தகவல், கொடுத்ததும் ஒரு தகவல், நீதிமன்றத்திலும் குற்றமாகாது.

குணசீலன் மலேசியத் தமிழர், பரம சாது. ஏர்னஸ்டின் மாமியாருடைய விசாவுக்கு வேலைக் கடிதம் தேவைப்பட்டபோது, கேட்ட அன்றே தன் கையால் எழுதித் தந்தவர். அவருடைய மனம் இளகவேண்டும் என்றுதான் இப்போது வெள்ளிதோறும் பதினான்கு பேர் முழந்தாளிட்டார்கள். அருள் வழிதவறிப் போயிருக்கவேண்டும்; அந்த வாரங்களில் செம்மறிக்கு விழுந்த சீட்டுகள் அப்படி.

பொங்கல் விழாவில் குணசீலனின் மனைவி சிரித்துக்கொண்டு வந்தபோது ஸ்ரெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏர்னஸ்ட் அதைப் பார்த்தார். அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வடையை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

ஒன்பதாவது வெள்ளிக்கு முதல்நாள் மதியம், ஜெயரட்ணம் சீருடையோடு களஞ்சியத்துக்கே வந்து, ஒரு கேக்கையும் ஒரு கடிதத்தையும் குணசீலனிடம் கொடுத்துவிட்டுப் போனார். தங்கள் மனம் இளக நாங்கள் இடைவிடாது மன்றாடுகிறோம் என்று தொடங்கிய கடிதத்தில் முதல் கையெழுத்து ஸ்ரெல்லாவுடையது.

பத்து நிமிடத்தில் குணசீலன் கடிதத்தோடு மூலைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ரிவர் விழுந்திருந்தது. செம்மறி தன்னிடமிருந்த முழுவதையும் தள்ளியிருந்தது. முடிவெடுக்க இருபது விநாடி.

"ஏர்னஸ்ட், நான் உங்கள அவ்வளவு போட்டு அமுக்குறேனா? சொல்லுங்க லா. ராத்திரியெல்லாம் என் வைஃப் கேக்குறாங்க, ஸ்ரெல்லா ஏன் நம்மகிட்ட பேசுறதில்லன்னு. இப்ப பதினாலு பேரு சைன் போட்டிருக்காங்க."

"நீங்கள் இல்லை, சேர்."

"அப்ப யாரு?"

ஏர்னஸ்ட் தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார்.

"இவர்தான், சேர்."

குணசீலன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செம்மறியாட்டை உற்றுப் பார்த்தார். ஏர்னஸ்டுக்குக் காதுமடல்வரை எரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து, தொலைபேசி தானாகவே ஏர்னஸ்டின் சீட்டுகளை எறிந்துவிட்டது.

குணசீலன் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இத அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது." இரண்டடி போய்த் திரும்பினார். "கேக் நல்லா இருந்துச்சு."

மறுநாள் ஜெயரட்ணம் வீட்டில், ஒன்பதாவது வெள்ளி. மன்றாட்டு நேரத்தில் ஏர்னஸ்ட் எல்லாவற்றையும் சொன்னார். போக்கர், பெட்டி, செம்மறி, குணசீலன். தரைவிரிப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒன்பது வெள்ளி" என்றார் ஜெயரட்ணம், செபமாலையை விரலில் உருட்டியபடி. இன்னும் சற்று உருட்டினார். "அது கிடக்கட்டும். அந்தச் செம்மறி கடைசியா என்ன வச்சிருந்தது?"

"தெரியாது, அண்ணை. பாக்கேல்லை."

அறை முழுவதும் வருத்தம் பரவியது. உண்மையான வருத்தம் அப்போதுதான் வந்தது. சீட்டை எறிந்தாலும் கேட்டால் காட்டமாட்டார்களா என்றார் ஒருவர். பொய்யாகத்தான் இருந்திருக்கும் என்றார் இன்னொருவர். தேநீர் ஆறும்வரை விவாதம் நடந்தது.

ஸ்ரெல்லா மட்டும் எதுவும் கேட்கவில்லை. காரில் சீற்பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"நாளைக்குக் குணசீலன் வீட்டை போறம். நான் முகத்தைத் திருப்பினது அந்த மனுசிக்கு. அவவிட்டை நான்தான் மன்னிப்புக் கேக்கவேணும். நீங்கள் பக்கத்தில நிக்கவேணும்."

"என்ன சொல்லுவாவோ தெரியாதே."

"ஓம். தெரியாது."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஆல்பனிப் பகுதியில், குணசீலன் வீட்டு வாசலில், கேக் பெட்டியைக் கையில் ஏந்தி ஏர்னஸ்ட் நின்றார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. எதையும் பாதியில் விடாத அந்த மனிதருக்கு, இதை மட்டும் பார்க்காமல் திரும்பிப் போய்விடவேண்டும் என்று ஆசையாக இருந்தது. கார்ச் சாவி ஸ்ரெல்லாவிடம் இருந்தது.