'வேறு' என்னும் கடைசிக் கிளை

என் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவள். சர்க்கரை எவ்வளவு இருந்தால் எத்தனை யூனிட் என்று பாலிகிளினிக் தாதி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். போதுமான தாள்தான். ஆனால் பிறர் எழுதிய கணினி நிரல்களில் குறை கண்டுபிடித்தே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவனுக்குத் தாள் எப்படிப் போதும்? ஓய்வு பெற்ற முதல் மாதமே அதை லிஸ்ப் குடும்பத்து மொழி ஒன்றில் நிரலாக்கினேன்.

அந்த மொழிகளில் இல்லாத வாக்கிய அமைப்பை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம், மேக்ரோ என்பார்கள். அவளும் படிக்கட்டுமே என்று தமிழில் 'தேர்வு' என ஒன்று செய்தேன். சர்க்கரை இவ்வளவு என்றால் ஆறு யூனிட், அதற்கு மேல் என்றால் எட்டு, இப்படியே போய்க் கடைசியில் 'வேறு' என்று ஒரு கிளை. மேலே சொன்ன எதிலும் அடங்காவிட்டால் திரையில் வரும்: போடாதே, என்னைக் கூப்பிடு. சர்க்கரை, எங்கள் ஊர் மீட்டர் கணக்கில், நான்குக்குக் கீழே தாழும் நாளுக்காக எழுதிய கிளை அது. ஒருமுறை தாழ்ந்து, சமையலறைத் தரையில் கிடந்தாள்.

எந்தக் கிளையும் பதில் தராவிட்டால் நேற்றைய அளவைக் காட்டு என்று ஒரு மாற்று ஏற்பாடும் செய்திருந்தேன். மாற்று ஏற்பாடு இல்லாத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த வாரம் தாதி, காலைக்கும் மதியத்துக்கும் இடையில் வேறு ஏதாவது சாப்பிட்டாளா என்பதையும் குறிக்கச் சொன்னார். புதன்கிழமை காலை அந்த ஆம், இல்லைக்கு 'வேறு' என்று பெயர் வைத்தேன். நான் எழுதியது சுத்தம் காக்கும் மேக்ரோ; அதற்குள் இருக்கும் பெயரையும் வெளியே வைக்கும் பெயரையும் மொழி கலக்கவிடாது. இதைப் பற்றி யாரும் கேட்காமலே பலருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

சோதித்தும் பார்த்தேன். சர்க்கரை எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று அடித்தேன், எல்லாம் சரி. குறைந்த எண்ணை மட்டும் அடிக்கவில்லை. அவள் பெயர் உள்ள திரையில் அந்த எண்ணை அடிக்கக் கை வரவில்லை. அலுவலகத்தில் ஒருவன் இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் ஃபைலை அவன் மேசையிலேயே வீசியிருப்பேன்.

பிறகு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். என் கீழ் வேலை பார்த்துத் தானும் ஓய்வு பெற்றுவிட்ட நண்பரோடு புதன்தோறும் தேக்கா சந்தையில் தேத்தண்ணி. காலை செய்த திருத்தத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சார், வேறுங்கிற பேரு ஏற்கனவே உங்க தேர்வுக்குள்ள இருக்கே லா."

"அதைத்தான் மொழி பாத்துக்கும் பாய்."

"பாத்துக்கும். நீங்க வெளியில புதுசா அர்த்தம் குடுத்தா, அதையும் மதிக்கும். அப்புறம் உங்க கடைசிக் கிளை கிளையே இல்ல, வெறும் ஆமா இல்லதான். கம்மி நம்பர் போட்டுப் பாத்தீங்களா?"

இடையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். அப்படியானால் 'வேறு' என்பது 'இல்லை'. சர்க்கரை தாழ்ந்திருந்தால் அந்தக் கிளை திறக்காது. மாற்று ஏற்பாடு எழுந்து நேற்றைய எட்டு யூனிட்டைக் காட்டும். எல்லாம் விதிப்படி. மணி பன்னிரண்டே முக்கால், அவள் ஊசி போடும் நேரம்.

அவளுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது; எடுக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னார் பாய். நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கேட்பார்கள். எனக்கு எதுவும் தெரியாது என்றேன். "தெரியாதுன்னே சொல்றேன், பிளாக் நம்பரக் குடுங்க" என்று தன் போனை எடுத்துக்கொண்டு என்னை ரயிலுக்குத் தள்ளினார்.

வீடு இருக்கும் செங்காங் வரை ஒன்பது நிலையம். பூன் கெங்கில் கூப்பிட்டேன், செராங்கூனில் கூப்பிட்டேன். ஹவ்காங்கில் ஏறிய ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் நேரம் இன்னும் மெதுவாகும் என்று பட்டது. நின்றேன். கண்ணுக்குள் அந்தச் சமையலறைத் தரை.

வீட்டு இரும்புக் கதவு திறந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இருவர் மண்டியிட்டிருந்தார்கள். அவள் தரையில் இல்லை, நாற்காலியில் இருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ரோஸ் சிரப் தம்ளர், பாதி காலி. கதவைத் திறக்க அவளால் எழ முடிந்ததே அதிர்ஷ்டம் என்றார் ஊழியர். மேசையில் இன்சுலின் பேனா, மூடி கழன்று. மீட்டரில் அவள் ஊசிக்கு முன் எடுத்த அளவு: 3.6.

"எட்டா போட்டே?" என்றேன்.

"எட்டுன்னு காட்டுச்சு."

"3.6-க்கு எட்டு போடலாமா? உனக்கே தெரியாது?"

வாய் குழறியது அவளுக்கு. "தோணுச்சு. ஆனா நீங்க எழுதினதாச்சே."

கால் மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தார்கள். 3.1. பிறகு 4.4. பிறகு 5.8. ஒவ்வொரு முறையும் மீட்டர் எண்ணைக் காட்ட எடுத்துக்கொண்ட அந்தச் சில விநாடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. மருத்துவமனையில் இரவு தங்கவைத்து மறுநாள் அனுப்பினார்கள்.

வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். புதிய பெயரை மாற்றினேன், மாற்று ஏற்பாட்டை அழித்தேன். பிறகு அவள் பெயருக்குக் கீழே 3.6 என்று அடித்தேன். போடாதே, என்னைக் கூப்பிடு என்று வந்தது.

அவள் பின்னால் நின்று பார்த்தாள். அலமாரியிலிருந்து தாதியின் தாளை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கோணலாக இருந்தது. நேராக்கக் கை நீட்டினேன், பிறகு விட்டுவிட்டேன். மதியம் மீட்டரோடு அதன் முன்னால் போய் நின்றாள். நானும் போய் நின்று, வரி வரியாக விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன்.