நாக்கு மரத்த பிறகு போட்ட காப்பி

காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. போகும்போது என் மூக்கின் மணத்தையும் நாக்கின் ருசியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. மீன்குழம்பும் ஒன்றுதான், கஷாயமும் ஒன்றுதான். அழுகைகூட வரவில்லை, உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒரு லாபம் உண்டு: பின்பக்கம் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றமும் போயிற்று. இந்த அருமனை ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்முதல் அதை முகர்ந்தவளுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

மீன்குழம்பில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். மருமகள் சண்டை போடவில்லை. என் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"மாமி, இனி சும்மா இருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நல்லவள்தான். ஆனால் சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லையே. சாயங்காலக் காப்பி ஒன்றுதான் என்னிடம் மிச்சம். அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது. இன்ஸ்டன்ட் காப்பிப் பாட்டிலில் அளவு போட்டிருக்கிறதாம். எனக்கு எழுத்து தெரியாது. மணம்தான் என் அளவு.

ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள். "என்ன மாமி, ஒரே கசப்பால்லா இருக்கு! எத்தன ஸ்பூன் போட்டிய?"

"மணம் வாற வரைக்கும் போட்டேன் மக்ளே."

"உங்களுக்கு எங்கன வரும்? பாட்டிலையே கவுத்தாலும் வராது!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்து, "நாளையில இருந்து காப்பியும் நானே போடுதேன்" என்றாள்.

"இன்னும் ஒருநாள் தா. அதும் ருசி கொள்ளாதுன்னா நான் அடுக்களப் பக்கமே வரல்ல."

மறுநாள் மூக்கை நம்பவில்லை. கண்ணும் காதும் இருக்கிறதே! ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் பொடி, விரலால் தடவி மட்டமாக்கினேன். இரண்டு ஸ்பூன் சீனி. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஸ்பூன் விட்டு அடிக்கத் தொடங்கினேன். முதலில் சீனி கரகரவென்று கத்தியது. மணிக்கட்டு வலித்தது. விடவில்லை. மெல்ல மெல்லக் கத்தல் அடங்கியது. கறுப்பு வெளுத்து, நுரைத்து, ஸ்பூனைத் தூக்கினால் விழாமல் நின்றது. பொங்கிய பாலை இறக்கி, கொஞ்சம் பொறுத்து, உயரத் தூக்கி ஊற்றினேன்.

குடித்தாள். டம்ளரின் அடியில் இருந்த நுரையையும் விரலால் வழித்தாள்.

"கொள்ளாமே மாமி, நல்லா இருக்கு! இன்னும் கொஞ்சம் கிட்டுமா?"

என் டம்ளரை நீட்டினேன். "இந்தா. எனக்கு இது வெறும் சூடுதான்."

"ஐயோ, நீங்க குடிங்க."

"குடிச்சு எனக்கு என்ன தெரியப்போவுது? நீ குடிச்சு எப்படி இருக்குன்னு சொல்லு."

"இனிப்பு முன்னால வருது… கசப்பு பொறவு, லேசா."

சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நாக்கு அப்போதும் கட்டைபோலத்தான் கிடந்தது. இன்றுவரை அப்படித்தான். ஆனால் அடுத்த நாள் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே ஒரு கத்தல்:

"மாமி, பால் பொங்கிரும்! காப்பிய போடுங்க!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தேன்.