காலத்துக்கும்

பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தின் மேல் பெயர் வெட்டும் மெஷின் பல்லைக் கூசவைக்கும்படி 'டிர்ர்' என்று இரைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் முதன்முதலாக என் காதில் தங்கியது. "காலத்துக்கும் அழியாதும்மா" என்றார் கடைக்காரர். அம்மா வெட்டச் சொன்ன பெயர் கவிதா. கீழ்பென்னாத்தூர் மாமாவின் மகள். என் அண்ணனுக்கென்று அவள் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள்.

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் அந்தச் சொல் எல்லாவற்றுக்கும் ஆனது. தேயாத செருப்புக்கும் அதுதான், தீராத மூட்டுவலிக்கும் அதுதான். 'எப்பவும்' என்று சொல்லிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். 'காலத்துக்கும்' என்றால் அது சத்தியத்தில் சேர்த்தி.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய கவிதா, நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்த வாசலில் உட்கார்ந்து அம்மா மாமாவிடம் சொன்னாள்: "எதுக்குண்ணா அவள வெளியூருக்கு அனுப்பிக்கினு? காலத்துக்கும் எங்க வூட்ல ராணியாட்டம் இருக்கப் போறவ." மாமா தலையாட்டினார். கவிதா விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி, "பின்னாடி வெள்ளையாதான் இருக்குது, படம் வரஞ்சுக்கடி" என்றாள். நான் மலையை வரைந்தேன். பத்து வயதில் எனக்கு வேறொன்றும் உறைக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, சென்னையில் வேலையிலிருந்த அண்ணன், கூட வேலை செய்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றான். அம்மா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் புது மருமகளுக்கு வடை பாயசத்தோடு சமைத்தாள். மாமாவுக்கு ஆள் மூலம்தான் சொல்லியனுப்பினாள். அவர் வந்தார், தண்ணீர்கூட வாங்கவில்லை. "காலத்துக்கும்னு சொன்னது நீ. இப்ப நான் சொல்றேன். காலத்துக்கும் உன் வாசல மிதிக்கமாட்டேன்."

எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லைக் காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். அவர் இறந்த செய்தியே எங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் வந்தது.

செங்கம் பக்கம், மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போயிருந்த கவிதாவைப் பிறகொருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்கத் தடுமாறினேன்.

"உங்கம்மா மேல கோவம்லாம் இல்லடி. படிக்கப் போறேன்னு அன்னிக்கி நானே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போனாள்.

இப்போது அம்மாவும் இல்லை. மாமாவின் வீட்டை விற்றுவிட்டார்கள்; வாங்கியவர்கள் அதை இடித்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் அடிக்கடி போகிறேன். பஸ் நின்று புறப்படும்வரை குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறேன்.