என் மகள் விரலால் படித்த சாலைகள்

நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. தமிழ்ப்பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகத்தான் படிக்கிறாள்.

நான்காம் ஆண்டு படித்தபோது ஒரு நாள், பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, இன்னைக்கு டீச்சர் நம்ம நெகிரி செம்பிலான் மாநில மேப் காட்டுனாங்க. எல்லாரும் ஊர் ஊரா தேடிச் சொன்னாங்க. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிளைவுட் பலகையை வாங்கிவந்தேன். டீச்சர் பெரிதாக நகலெடுத்துக் கொடுத்த வரைபடத்தை அதன்மேல் ஒட்டினேன். சாலைகளுக்குத் துணிக்கொடிக் கயிறு. ஊர்களுக்கு என் பழைய சட்டைப் பொத்தான்கள். சிரம்பானுக்கு மட்டும் மனைவியின் கோட்டுப் பொத்தான், பெரியது. மலைகளுக்கு மரத்தூளைப் பசையில் குழைத்து மேடாக வைத்தேன். போர்ட்டிக்சன் பக்கத்துக் கடல் வழுவழுவென்று இருக்கட்டும் என்று ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி ஒட்டினேன். ஊர்ப் பெயர்களை அவளே, விரலால் படிக்கும் புள்ளியெழுத்தில் குத்தித் தந்தாள். அன்று முழுக்க அவள் விரல் பலகையை விட்டு நகரவில்லை.

பள்ளி விடுமுறையில் அவளை லோரியில் கூட்டிப்போனேன். பெடாஸ் சாலையில் திடீரென்று என் கையைத் தட்டினாள்.

"அப்பா, இங்க ரோடு வளையுது. பலகையில நேராத்தானே இருக்கு?"

"சின்ன வளைவுதானே, பாப்பா."

"சின்னதா இருந்தாலும் வளைவுதான் லா!"

வீட்டுக்கு வந்ததும் கயிற்றைப் பிய்த்தெடுத்து, தன் உடம்பு உணர்ந்தபடி வளைத்து, அவளே ஒட்டினாள். நான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பள்ளி திறந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் வகுப்புக்குப் போனேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டுதான் தொட வேண்டும் என்று அவள் சட்டம் போட்டுவிட்டாள். ஒரு சிறுமி பலகையைத் தடவித் தடவி, "ரெம்பாவ்!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. என் மகள் அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீ கடல்ல இறங்கிட்ட. பயப்படாத, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு மேல வா."

மெதுவாக அந்த விரலைச் சாலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டே ரெம்பாவில் சேர்த்தாள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை யாரு செஞ்சது?" என்று, மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியட்டுமென்று டீச்சர் கேட்டார்.

"நானும் எங்கப்பாவும்," என்றாள்.

தன்னை முதலில் சொன்னாள் பாருங்கள், அதில்தான் எனக்குப் பெருமை.

இப்போது அந்தப் பலகை வகுப்புச் சுவரில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. போகிற வருகிற பிள்ளையெல்லாம் தடவிப் பார்த்ததில், சிரம்பான் பக்கத்துக் கயிறு கறுத்துப்போயிருக்கிறது.