ரேகை விழாத பதிவேடு

அந்தக் கைநாட்டில் கோடுகளே இல்லை.

முதலில் பூதக்கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டேன். சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கறுப்பாக, முட்டை வடிவில், மழுமழுவென்று ஒரு மைக்கறை. சுழியும் இல்லை, வளைவும் இல்லை. அதற்குக் கீழே இருந்ததும் அப்படித்தான். அதற்கும் கீழே அப்படித்தான். பக்கத்தைத் திருப்பத் திருப்ப, மனிதர் எவரும் வைத்ததுபோலவே இல்லாத கைநாட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நல்ல பகல். அரியலூர் வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் கிடந்தது. அப்படியும் என் பின்கழுத்து சில்லிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஊர் ஊராக முதியோர் கல்வி மையங்கள் திறந்தார்கள். அந்தத் திட்ட அலுவலகத்தில் எனக்குப் புள்ளிவிவர உதவியாளர் வேலை. மையத்துக்கு முப்பது பேர். படிக்க வருகிறவர்கள் மாதம் ஒருமுறை பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். எழுத்து வந்துவிட்டால் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசியில் எல்லாப் பதிவேடுகளும் என் மேசைக்கு வரும். ஆட்களை நேரில் போய்ப் பார்ப்பது மேற்பார்வையாளர் வேலை. அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆக, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் யார் படிக்கிறார்கள், யார் படிப்பதுபோல் நடிக்கிறார்கள் என்பதைக் காகிதத்தை வைத்தே தீர்மானிக்கிற பெரிய மனிதன் நான்.

எனக்கு அதில் கர்வம் இருந்தது. இல்லாத மையத்தை இருப்பதாகக் காட்டிய ஓர் ஆசாமியை நான்தான் பிடித்தேன். தன் பத்து விரல்களையும் மாற்றி மாற்றி உருட்டியிருந்தார். அதுவும் போதாமல் கால் விரல்களுக்கும் வேலை கொடுத்திருந்தார். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. திட்ட அதிகாரி தன் சொந்தப் பூதக்கண்ணாடியை எனக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கோடில்லாத கைநாட்டு அந்த ஒரு பதிவேட்டோடு நிற்கவில்லை. கட்டைப் பிரித்துத் தேடியபோது இன்னும் சில அதேபோல் கிடைத்தன. என் பெருவிரலில் மை தடவிக் காகிதத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு கோடாக, அழகாக விழுந்தது. பக்கத்திலேயே அந்த வெறும் கறைகள். கையே இல்லாத யாரோ வந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. நான் பயந்தவன் இல்லை. ஆனால் அன்று அந்தப் பதிவேடுகளை மேசைமேல் திறந்து வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. மூடி, மேலே எடைக்கல்லை வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் பயம் தெளிந்ததும் எனக்குப் புத்தி வந்துவிட்டதாக நினைத்தேன். ஈரத்துணியைச் சுருட்டி மையில் தொட்டு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த மையங்கள் எல்லாம் போலி என்று பட்டியல் எழுதினேன். பத்தே நாளில் அவற்றை மூடச்சொல்லி உத்தரவு போயிற்று. சிலேட்டு, புத்தகம், லாந்தர் எல்லாம் அலுவலகக் கிடங்குக்குத் திரும்பி வந்தன.

அப்போதுதான் முதல் பதிவேட்டுக்குரிய மையத்தின் ஆசிரியை ஒரு கடிதம் எழுதினார். எட்டாவது வரை படித்தவர். வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து பாடம் நடத்தியவர். இன்லண்டு கடிதத்தில் குண்டு குண்டான எழுத்து. எங்கள் மையத்துப் பெண்கள் எல்லாரும் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர்கள். சுட்ட கல்லை அள்ளி அள்ளி அவர்களுக்கு ரேகை தேய்ந்துவிட்டது. அது பொய்க் கைநாட்டு இல்லை. இப்படித் தொடங்கி, கீழே ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறவர். மனைப்பட்டா வாங்கப் போன இடத்தில் ரேகை விழவில்லை, கையெழுத்துக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்காகத்தான் படிக்க வந்தார். பெயரில் நான்கு எழுத்து. மூன்று வந்துவிட்டது. அடுத்த மாதம் பட்டா கொடுக்கிற நாள். அதுவரையாவது மையத்தை நடத்த விடுங்கள்.

படித்துவிட்டுச் சிரித்தேன். ரேகை தேயுமாம்! நான் வேப்பந்தட்டைக்காரன். என் அம்மா விடிந்தால் கொல்லைக்காட்டில் களை கொத்துவாள். அவள் உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், விரலில் ரேகை இருக்கும். இந்த ஆசிரியை பலே ஆள், பட்டா, குடிசை என்று கதை நன்றாகக் கட்டுகிறார் என்று சொல்லிக்கொண்டே கடிதத்தைக் கோப்பில் சொருகினேன். என் அம்மாவின் கையை வைத்து ஊரார் கையை அளந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. படிப்பு யாருக்குப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை என்று தெருவாரியாக, தொழில்வாரியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள். எனக்குக் கரும்பு தின்னக் கொடுத்ததுபோல. பெரிய தாளில் கட்டம் போட்டேன். நடக்கிற மையத்துக்கு நீலப் பென்சில், மூடியதற்குச் சிவப்பு. திருமானூர்ப் பக்கம் முழுக்க நீலம். கொள்ளிடத்துச் சேற்றில் நாற்று நடுகிற விரல்கள் எல்லாம் பதிவேட்டில் ரேகை ரேகையாக விழுந்திருந்தன. கடைக்காரர், நெசவாளர், மாடு மேய்ப்பவர் எல்லாம் நீலம். சிவப்பு மட்டும் ஒரே கட்டத்தில் போய்க் குவிந்தது. சுண்ணாம்பு சுடுகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள். அந்தக் கட்டத்தில் தப்பித்தவறி ஒரு நீலம்கூட இல்லை.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஏமாற்றுகிறவன் எல்லாத் தொழிலிலும் இருப்பான். ஒரே தொழிலில் மட்டும் எப்படி இருப்பான்? இந்த எளிய கேள்வி, பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திரிந்த நாளில் என் மண்டையில் உதிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து அந்தக் கறைகளை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை வேறு விதமாகப் பயந்தேன்.

மறுநாள் அந்தப் பதிவேட்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உச்சி வெயிலில் தெருவுக்குள் நுழைந்தேன். வேலி, கூரை, ஆட்டுக்குட்டி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. காக்கைச் சத்தம்கூட இல்லை. ஒரு குழியில் நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்துப் புகைந்துகொண்டிருந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றித் தாளித்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் மூக்குக்கு மேல்வரை துணி கட்டியிருந்தார்கள். தலை வெள்ளை, புருவம் வெள்ளை. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. யாரும் நீ யார் என்று கேட்கவில்லை. மையம் எங்கே நடந்தது என்றேன். ஒரு கை நீண்டு பழைய சுண்ணாம்புக் கிடங்கைக் காட்டியது.

கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வெளிச்சத்திலிருந்து வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுவர் தெரிந்தது.

வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் மூன்று எழுத்து. அதற்குப் பக்கத்தில் அதே மூன்று எழுத்து. கீழே, மேலே, மூலையில், கதவுக்குப் பின்னால், கை எட்டுகிற உயரம்வரை நாலு சுவரிலும் அதே மூன்று எழுத்து. ஒவ்வொரு மூன்றுக்குப் பின்னாலும் இன்னொரு எழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஓரிடத்தில்கூட அந்த இடைவெளி தவறவில்லை. எனக்கு அந்தப் பெயர் தெரியும். கோடில்லாத முதல் கைநாட்டுக்கு எதிரில் பக்கத்துக்குப் பக்கம் நான் படித்த பெயர். யாருமில்லாத அந்த அறையில் நாலு பக்கமிருந்தும் யாரோ என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் இருந்தது. வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

"நீங்கதான் அந்த ஆபீஸா?"

திரும்பினேன். வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். துணி மறைத்திருந்த பாதி மட்டும் மனித நிறமாக இருந்தது.

"ஆமாம்மா."

"டீச்சரு போயிடுச்சுங்க. திருட்டுக் கைநாட்டுன்னு ஊரெல்லாம் பேசிட்டாங்கல்ல, அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு."

"இது உங்க பேரா? பட்டா என்னாச்சும்மா?"

"போனேங்க. மூணு எளுத்து போட்டேன். முளுசாப் போடுன்னாங்க. தெரியலன்னேன். அப்ப ரேகை வையின்னாங்க." அவர் தன் பெருவிரலை என் முன்னால் நீட்டினார். நான் பார்த்தேன். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. ஆற்றில் உருண்ட கூழாங்கல்போல வழவழவென்று இருந்தது. "அந்த மனைக்கு வேற ஆளு வந்துட்டாங்க சார். மாசக் கடைசிக்குள்ள எங்க வூட்டப் பிரிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"நாலாவது எழுத்த வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே" என்றேன். எவ்வளவு கேவலமான வார்த்தை. சொல்லும்போதே தெரிந்தது.

"இந்தத் தெருவுல யாருக்குங்க தெரியும்? அங்க ஆபீஸ்ல கேட்டேன், அதெல்லாம் இங்க சொல்லித் தர மாட்டோம்னுட்டாங்க. பேரு முளுசா எளுதியிருந்தது டீச்சரோட நோட்டுல மட்டுந்தான். அதயும் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பதிவேடு நேற்றுவரை என் மேசையில் எடைக்கல்லுக்கு அடியில் இருந்தது. இரண்டு மாதமும் அவருடைய நான்காவது எழுத்து அங்கேதான் இருந்தது.

அந்தச் சிவப்புக் கட்டத்தைக் காட்டித் திட்ட அதிகாரியிடம் சண்டை போட்டதும், ரேகை விழாதவர்களுக்கு வேறு ஏற்பாடு வந்ததும், மையங்கள் மறுபடி திறந்ததும் பின்னால் நடந்தவை. என்னைப் பாராட்டினார்கள்கூட. மையம் திறந்தபோது அந்தக் குடிசை இருந்த இடத்தில் வேறொரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருந்தார்கள்.

அன்று அங்கே, "வீட்டுக்கு நான் மனு எழுதித் தரேம்மா" என்றேன்.

"வூடு போயிடுச்சு சார்" என்றார். "பேரயாச்சும் முடிச்சுக் குடுங்க."

தரையில் கிடந்த கரித்துண்டை எடுத்தேன். அவர் மூன்றோடு நிறுத்தியிருந்த இடத்தில் நான்காவது எழுத்தை எழுதினேன். எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கிட்டே வந்து, ரேகை இல்லாத அந்த விரலை எழுத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?"

அவர் என் கையிலிருந்து கரித்துண்டை வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். அங்கே முதல் வரிசையிலிருந்து, விட்டுவைத்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினார்.